பத்தின் அடுக்குகளும் கோலார் தங்க வயலும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் சுரங்க வேலையைத் தொடங்கினர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 5 கோடியே 10 லட்சம் டன் கனிப்பாறை வெட்டி எடுக்கப்பட்டு, அதிலிருந்து 800 டன்னுக்குச் சற்று மேற்பட்ட தங்கம் பிரித்தெடுக்கப்பட்டதாகக் கணக்கு. இவ்விரண்டு எண்களையும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்து, ஒரு டன் பாறையில் சராசரியாக எத்தனை கிராம் தங்கம் இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். எட்டை ஐந்தால் வகுப்பதில் அவன் தடுமாறுவதில்லை. சுழிகளில்தான் தடுமாறுகிறான். 51,000,000 என்னும் எண்ணில் ஒரு சுழியை விட்டுவிட்டால் பாறை பத்து மடங்கு செழிப்பாகிவிடுகிறது. ஒன்றைக் கூட்டி எழுதினால் சுரங்கமே வீண் என்று ஆகிவிடுகிறது.

இத்தகைய பிழையைத் தடுப்பதற்கென்றே ஏற்பட்ட எழுத்து முறைதான் விஞ்ஞானக் குறியீடு. எந்த எண்ணையும் இரண்டு கூறுகளாகப் பிரித்து எழுதுவது இதன் வழி. முதற்கூறு ஒன்றுக்குக் குறையாததும் பத்துக்கு உட்பட்டதுமான ஓர் எண். இரண்டாம் கூறு பத்தின் ஓர் அடுக்கு. 51,000,000 என்பதை 5.1 × 10⁷ என்று எழுதுகிறோம். 800 டன் தங்கம் 8 × 10² டன். ஒரு டன்னுக்கு 10⁶ கிராம் ஆதலால் அது 8 × 10⁸ கிராம். இனி வகுத்தல் எளிது: 8-ஐ 5.1-ஆல் வகுக்க 1.57, அடுக்குகளில் எட்டிலிருந்து ஏழைக் கழிக்க ஒன்று. விடை 1.57 × 10¹, அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 16 கிராம். 15.7 என்று எழுதாமல் 16 என்று நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ‘800-க்குச் சற்று மேல்’ என்பது தோராயமான கணக்கு. அதிலிருந்து மூன்று இலக்க நுட்பத்தை எதிர்பார்ப்பது முறையன்று. 8 × 10² என்று எழுதினால் ஓர் இலக்கத்துக்கு மட்டும் பொறுப்பேற்கிறோம். 8.00 × 10² என்று எழுதினால் மூன்று இலக்கங்களுக்குப் பொறுப்பேற்கிறோம். வெறும் 800 என்ற எழுத்தில் இவ்வேறுபாடு தெரிவதில்லை. களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் அளவுகளைப் பதியும்பொழுது இதனை நினைவிற் கொள்வது நலம்.

தங்க வயலின் சிறுவர்க்கு இக்குறியீட்டால் மற்றொரு நன்மையும் உண்டு. வடார்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் அங்கே வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளிப் புத்தகத்தில் பெரும்பாலும் ஆங்கிலமுமாக வாழ்கின்றனர். வீட்டில் ஐந்து கோடியே பத்து லட்சம் என்று கேட்ட எண், சுரங்க அறிக்கையில் ஐம்பத்தொரு மில்லியன் என்று இருக்கும். காற்புள்ளியும் ஒரு முறையில் 5,10,00,000 என்றும், மற்றொரு முறையில் 51,000,000 என்றும் இடம் மாறும். பழைய சுரங்க ஏடுகளிலோ தங்கத்தை அவுன்ஸ், பென்னிவெயிட் என்றும், ஆழத்தை அடி என்றும் குறித்திருப்பார்கள். 5.1 × 10⁷ என்று எழுதிவிட்டால் எண்ணின் பெயரைப் பற்றிய வழக்கு தீர்ந்துவிடுகிறது. அலகின் பெயரைப் பற்றிய வழக்கு தீர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டன் எது, கிராம் எது என்று எழுதாத எண் எந்தக் குறியீட்டிலும் பயன்படாது.

இம்முறை புதியதாகத் தோன்றினும், இதன் கருத்து தமிழர்க்கு அந்நியமானதன்று. பழைய தமிழ் எண் எழுத்தில் சுழிக்கு வேலை இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்துகள் இருந்தன. மூவாயிரத்தை ௩௲ என்று எழுதினர். முதலில் எத்தனை என்னும் இலக்கம், அடுத்து எவ்வளவு பெரிது என்னும் அடையாளம். 3 × 10³ என்பதும் இதே ஒழுங்குதான். இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். லட்சம் என்னும் சொல்லுக்கு முன்பே தமிழில் வழங்கியது நூறாயிரம் என்னும் சொல். எழுத்தில் அது ௱௲. நூறு 10², ஆயிரம் 10³, இரண்டும் சேர்ந்து 10⁵. பெருக்கும்பொழுது அடுக்குகளைக் கூட்டவேண்டும் என்னும் விதி இச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. கோடி என்பது நூறு நூறாயிரம்; இரண்டும் ஐந்தும் ஏழு. விதியைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதற்கு முன்பு, ஆசிரியர் இச்சொற்களை உரக்கச் சொல்லச் செய்து எண்ணச் சொல்வாரானால், மாணவர்கள் விதியைத் தாமே கண்டுகொள்வர்.

கலைச்சொற்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அறிவியல் குறியீடு, அடிமானம், அடுக்கு என்று வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் சுட்டி, வலு என்னும் சொற்களைக் காணலாம். எதை வழங்கினும் பாதகம் இல்லை. ஆயின் ஒரே வகுப்பில் இரண்டை வழங்கலாகாது. சொல்லால் விளையும் ஒரு பிழையோ மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்போர் அடிக்கடி காண்பது. ‘பத்தின் ஐந்து அடுக்கு’ என்பதைப் ‘பத்தின் ஐந்து மடங்கு’ என்று பொருள் கொண்டு, 10⁵ என்றால் 50 என்று எழுதிவிடும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பேச்சுத் தமிழில் அடுக்குக்கும் மடங்குக்கும் உள்ள எல்லை தெளிவாக இல்லாததே இதற்குக் காரணம். மடங்கு என்பது கூட்டலின் வழி வந்தது. பத்து பத்தாக ஐந்து முறை கூட்டினால் 50. அடுக்கு என்பது பெருக்கலின் வழி வந்தது. பத்தைப் பத்தால் பெருக்கிப் பெருக்கி ஐந்து பத்துகளை அடுக்கினால் 1,00,000. இவ்விரண்டையும் ஒரு முறையேனும் அருகருகே எழுதிக் காட்டாமல் பாடத்தில் மேலே செல்வது தவறு.

இரண்டாவது பிழை, அடுக்கைச் சுழிகளின் எண்ணிக்கை என்றே கற்பிப்பதால் வருவது. 10⁴ என்றால் ஒன்றையடுத்து நான்கு சுழி என்பது உண்மையே. அதை நம்பிய மாணவன் 1.2 × 10⁴ என்பதை 1.20000 என்று எழுதுகிறான்; அல்லது 1,20,000 என்கிறான். சரியான விடை 12,000. அடுக்கு என்பது இலக்கங்கள் எத்தனை இடம் பெயர்கின்றன என்பதைச் சொல்கிறதே தவிர, எத்தனை சுழி சேர்க்கவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பதினாயிரம் என்று கட்டம் போட்டு, ஒன்றின் கட்டத்திலிருந்த 1 என்னும் இலக்கத்தை நான்கு கட்டம் நகர்த்திக் காட்டினால் இது விளங்கிவிடும்.

மின்னணுக் கணக்குப் பொறிகள் வருமுன், சுரங்கப் பொறியியலார் கையாண்ட ஸ்லைடு ரூல் என்னும் கணக்குக் கோல் இவ்வகையில் ஒரு நல்ல ஆசானாக இருந்தது. அது இலக்கங்களை மட்டுமே தரும், விடை 1.57-ஆ, 157-ஆ, 0.0157-ஆ என்று அதற்குத் தெரியாது. பத்தின் அடுக்கைக் கணக்கிடுபவர் தம் மனத்தில்தான் வைத்துக்கொள்ளவேண்டும். இன்றைய பொறி அந்த உழைப்பையும் தானே செய்துவிடுவதால், திரையில் ஈ என்னும் ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களைக் கவனியாமலே விடையை எழுதிவிடுகிற பழக்கம் பெருகியிருக்கிறது.

சிறிய எண்களுக்கு வருவோம். இப்பகுதிதான் மாணவர்க்குக் கடினமானது. 1000, 100, 10, 1 என்று பத்தால் வகுத்துக்கொண்டே இறங்கினால், அடுக்குகள் 3, 2, 1, 0 என்று ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அப்படியே இன்னும் இறங்கினால் 0.1, 0.01, 0.001, அடுக்குகள் −1, −2, −3. குறை அடுக்கு என்றவுடன் எண்ணே குறை எண்ணாகிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். 10⁻³ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு; சிறியதேயன்றிச் சுழிக்குக் கீழ்ப்பட்டதன்று. பழைய தமிழ்க் கணக்கிலும் கீழ் என்னும் அடைமொழி இந்தப் பொருளில் வந்துள்ளது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அந்த முந்திரியில் மீண்டும் முந்திரி கீழ்முந்திரி: 1,02,400-இல் ஒரு பங்கு. நம் குறியீட்டில் முந்திரி 3.125 × 10⁻³. கீழ்முந்திரி ஏறத்தாழ 9.8 × 10⁻⁶.

பத்து லட்சத்தில் சில பங்கு என்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதைத் தங்க வயலைக் காட்டிலும் நன்றாகக் காட்டும் ஊர் இந்தியாவில் வேறு இல்லை. வெண்கல் என்னும் குவார்ட்சுப் பாறையைத் துளையிடும்பொழுது எழும் சிலிகாத் தூசு, சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்குவது. இந்திய மருத்துவ உலகம் இந்நோயை 1930-களில் முதன்முதல் கவனித்தது கோலார் தங்க வயல் தொழிலாளரிடமே. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 7 × 10⁻⁵ மீட்டர். நுரையீரலின் கடைசி அறைகள் வரை சென்று தங்கும் தூசின் விட்டம் ஏறத்தாழ 5 × 10⁻⁶ மீட்டரும் அதற்குக் குறைவுமாகும். இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால், ஐந்தைவிட ஆறு பெரிது ஆகையால் தூசே பெரிது என்று சொல்லும் மாணவன் இருப்பான். வகுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏழை ஐந்தால் வகுக்க 1.4, அடுக்கு, −5-இலிருந்து −6-ஐக் கழிக்க, +1. ஆகவே மயிரின் தடிப்பு தூசின் விட்டத்தைப்போல் 14 மடங்கு. கண்ணுக்குத் தெரிகிற புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாததோ மணிக்கணக்கில் காற்றில் மிதந்து உள்ளே போகும். தூசு தெரியவில்லை, ஆகவே தூசு இல்லை என்று எண்ணிய தொழிலாளி இழந்தது தன் மூச்சை. துளையிடும்பொழுது நீர் பாய்ச்சும் முறை தூசை எழும்பாமல் அடக்குவதற்காக வந்ததே.

சுரங்கம் மூடப்பட்ட பின்னும் ஊரில் எஞ்சி நிற்கும் சயனைடு மேடுகள் ஏறத்தாழ 3.3 × 10⁷ டன் கழிவு மண் கொண்டவை. டன்னுக்கு 0.7 கிராம், அதாவது 7 × 10⁻¹ கிராம் தங்கம் அதில் இன்னும் தங்கியிருப்பதாகக் கொண்டால், மொத்தம் எவ்வளவு? மூன்றே காலே சொச்சத்தை ஏழால் பெருக்க 23. அடுக்கு 7-உடன் −1-ஐக் கூட்ட 6. 23 × 10⁶ என்று நிறுத்திவிடக் கூடாது. முதற்கூறு பத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் ஆதலால் 2.3 × 10⁷ கிராம். அது 23 டன். மேட்டின் புழுதியைக் கோடைக்காற்றில் சுவாசித்து வளரும் பிள்ளைகளுக்கு இக்கணக்கில் தனியாக ஆர்வம் ஊட்டத் தேவையில்லை.

கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். பெருக்கலில் அடுக்குகளைக் கூட்டிப் பழகிய மாணவன் 3 × 10⁴ + 2 × 10³ என்பதை 5 × 10⁷ என்று எழுதுவான். கூட்டவும் கழிக்கவும் அடுக்குகள் முதலில் ஒன்றாக இருக்க வேண்டும்: 3 × 10⁴ + 0.2 × 10⁴ = 3.2 × 10⁴. ரூபாயையும் பைசாவையும் ஒரே அலகாக்கிய பின்பே கூட்டுகிறோம் அல்லவா? அதுவே இங்கும். இந்த 3.2 × 10⁴ என்பதைப் பத்தால் வகுத்தால் 3.2 × 10³. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சென்றெட்டிய ஆழம் மீட்டரில் ஏறத்தாழ அவ்வளவே.

அந்த ஆழம் பொன்னுக்கு மட்டுமின்றி விஞ்ஞானத்துக்கும் பயன்பட்ட வரலாறு எல்லா ஆசிரியரும் அறியவேண்டுவது. வானவெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தின் உச்சியில் பிறக்கும் மியூயான் என்னும் துகள்கள், தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கின்றன. பாறை அவற்றைத் தடுக்கும். எத்துணை ஆழத்தில் எத்துணை குறைகின்றன என்பதை அளப்பதற்கு, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன், ஹோமி பாபாவின் தூண்டுதலால், 1950-களின் தொடக்கத்திலேயே தங்க வயலின் சுரங்கங்களுக்குள் கருவிகளை இறக்கினார். 1960-களில் எம். ஜி. கே. மேனன், வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாகேயும், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃபெண்டேலும் இவ்வேலையில் சேர்ந்தனர். ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் மியூயான்கள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. அவ்வமைதியில், பூமியையே ஊடுருவ வல்ல நியூட்ரினோக்கள் பாறையில் மோதித் தோற்றுவிக்கும் அரிய மியூயான்களைப் பக்கவாட்டில் வருவனவாகப் பிரித்தறிய முடிந்தது. வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளம் கோலாரில் 1965-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெயின்ஸ் குழுவினரும் தனியே அதைக் கண்டனர்.

‘அநேகமாக ஓய்ந்துவிட்டன’ என்பதை எண்ணால் சொல்வோம். 1980-இல் அதே ஆழத்தில் அமைத்த மற்றொரு கருவியின் பரப்பு ஏறத்தாழ 24 சதுர மீட்டர், அதாவது 2.4 × 10⁵ சதுர சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு 1440 நிமிடம், 1.44 × 10³. ஆகவே அக்கருவி தரைமட்டத்தில் இருந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.5 × 10⁸ மியூயான்கள் அதன் வழியே சென்றிருக்கும். சுரங்கத்தின் அடியில் எஞ்சுவது அவற்றில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு, 10⁻⁸. பெருக்கினால் நாளொன்றுக்கு மூன்று நான்கு. முப்பத்தைந்து கோடியையும் மூன்றையும் ஒரே வரியில் வைத்து ஒப்பிடுவதற்கு இதைவிட எளிய எழுத்து முறை இல்லை.

அந்த 1980-ஆம் ஆண்டுக் கருவியின் நோக்கம் புரோட்டான் அழியுமா என்று காண்பது. புரோட்டானின் சராசரி ஆயுள் 10³¹ ஆண்டுகளுக்கு அருகில் இருக்கலாம் என்று அக்காலத்துக் கொள்கை ஒன்று கூறியது. பிரபஞ்சத்தின் வயதோ 1.38 × 10¹⁰ ஆண்டுகளே. இத்துணை நீண்ட ஆயுளை யார் காத்திருந்து பார்ப்பது? இங்கேதான் அடுக்குக் கணக்கு கைகொடுக்கிறது. ஒரு புரோட்டானைப் பார்த்து 10³¹ ஆண்டு காத்திருப்பதற்குப் பதில், 10³¹ புரோட்டான்களை ஒருங்கே வைத்து ஓராண்டு பார்த்தால், சராசரியாக ஒன்றேனும் அழிய வேண்டும். பெரும்பாலும் இரும்பாலான அக்கருவியின் எடை 140 டன், 1.4 × 10⁵ கிலோகிராம். புரோட்டானும் நியூட்ரானும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.67 × 10⁻²⁷ கிலோகிராம். வகுத்தால் முதற்கூறு 0.84, அடுக்கு, 5-இலிருந்து −27-ஐக் கழிக்க, 32. இரண்டு குறை சேர்ந்தால் கூட்டல் என்பதை மறந்தவன் இங்கே −22 என்று எழுதி, 140 டன் இரும்பில் ஓர் அணுத்துகளும் இல்லை என்று நிரூபித்துவிடுவான். 0.84 × 10³² என்பதைத் திருத்தி எழுத 8.4 × 10³¹. எனவே ஆயுள் 10³¹ ஆண்டாயின் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டுச் சிதைவுகளை எதிர்பார்க்கலாம். சுரங்கத்தின் அடியில் வைக்கத்தக்க ஒரு கருவிக்கு இது எட்டக்கூடிய எண். மிகை நம்பிக்கையால் தொடங்கிய வேலையன்று அது.

சிதைவாக இருக்கக்கூடும் என்று கருதத்தக்க சில நிகழ்ச்சிகளைக் கோலார்க் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தனர். உலகெங்கும் பேசப்பட்ட அம்முடிவைப் பின்வந்த பெரிய கருவிகள் உறுதிப்படுத்தவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கோலாரின் நிலத்தடிப் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. ஜப்பானில் 1996 முதல் இயங்கும் சூப்பர் கமியோகாண்டே கருவியின் முடிவுகளின்படி, புரோட்டான் பாசிட்ரானாகவும் பயானாகவும் சிதையும் வழியில் அதன் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கும் மேற்பட்டிருக்க வேண்டும்.

31-க்கும் 34-க்கும் வேறுபாடு மூன்றுதானே என்று மாணவர் கேட்பர்; கேட்கவும் வேண்டும். அடுக்கில் மூன்று என்பது அளவில் ஆயிரம் மடங்கு. ஆயுள் 10³⁴ ஆண்டு என்று வைத்துக்கொண்டு கோலார்க் கருவிக்கே கணக்கிட்டால், ஆண்டுக்கு 8.4 × 10⁻³ சிதைவு. ஒரே ஒரு சிதைவுக்குச் சராசரியாக 119 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஜான் டெய்லர் கம்பெனியார் முதல் குழியைத் தோண்டிய 1880-இலிருந்து சுரங்கம் மூடப்பட்ட 2001 வரை கழிந்த காலம் 121 ஆண்டுகள்.

சூப்பர் கமியோகாண்டேயில் இவ்வாராய்ச்சிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு வந்த நீர் 22,500 டன். அதில் உள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து எத்தனை என்பதை, மேற்கண்ட முறையிலேயே, எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு கணக்கிடச் செய்யலாம். விடை ஏறத்தாழ 1.3 × 10³⁴ என்று வரும்.